தாளிக்காத வீடு

இன்றைக்கும் தட்டில் விழுந்தது மோர்ச் சோறுதான். தொட்டுக்கொள்ள உப்பு போட்ட வெள்ளரிக்காய்.

செந்தமிழ்ச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு வீடு இருக்குமா?

கல்வராயன் மலை அடிவாரத்து ஊர் அது. மலைக்காற்று இறங்கி ஊர்க்காற்றோடு கலக்கிற இடம். அதற்காகவே தேடி வந்து, இந்த வீட்டு மொட்டை மாடியைக் கேட்டு வாங்கி, காற்றில் இருக்கும் தூசியை அளக்கும் மெஷினை வைத்திருந்தாள் ஆராய்ச்சி மாணவி செல்வி. தங்குவதும் அந்த வீட்டிலேயேதான்.

வந்த அன்றைக்கு என்ன உபசாரம்! வீட்டுக்கார அக்கா ராஜாம்பாள் தலை நிறைய மல்லிகையோடு வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள். கத்திரிக்காய்க் காரக்குழம்பு, சுடச்சுட வடை. "இன்னும் ஒண்ணு வெச்சிக்க கண்ணு" என்று திணித்தாள்.

"இன்னாம்மா மெஷினு இது?" என்று கேட்டதும் அன்றைக்குத்தான்.

"நாம மோந்து பாக்குற வாசனை இருக்குல்லக்கா? தாளிக்கிறது, பெட்ரோலு, பூவு, மலையில இருக்கிற மரம், எல்லாமே ஆவிதான். காத்துல கலந்து, வெயில் பட்டு, வேற ஒண்ணா மாறி, கண்ணுக்கே தெரியாத தூசா ஆயிடுது. நெஞ்சுக்குள்ள போனா கெடுதி. அது இங்க எவ்ளோ இருக்குன்னு பாக்கணும். இத வெச்சுத்தான் எனக்கு டாக்டர் பட்டமே."

"அடேங்கப்பா! வாசனையா தூசாவுது?" ராஜாம்பாள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து உபசாரம் போன இடம் தெரியவில்லை. அடுப்படியில் ஒரு கடுகு வெடிக்கவில்லை. விடியும் முன்னே சோற்றை வடித்து மூடிவிடுகிறார்கள். ராஜாம்பாள் தலையில் பூ கூட இல்லை.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டியில விட்டுடுறீங்களாண்ணா?" என்று ராஜாம்பாளின் கணவர் கண்ணாயிரத்திடம் கேட்டாள். மனிதர் நெளிந்தார். வண்டியைக் கிளப்பாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய்விட்டார்.

"பெட்ரோல் தீந்துடுமாம்டி! கஞ்சத்தனத்துக்கு ஒரு அளவு வேணாம்?" என்று சிநேகிதி சுபஸ்ரீயிடம் போனில் புலம்பினாள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மெஷின் அல்லவா காலை வாரியது! முதல் நாள் உச்சி வெயிலில் எகிறிய நம்பர், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. மலைக்காற்று மட்டும் வருகிறது, கீழே ஊரே இல்லை என்கிற மாதிரி ஒரு கணக்கு. இதைக் கொண்டுபோய்க் காட்டினால் யார் நம்புவார்கள்? நாளை மறுநாளோடு மெஷினைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இன்னொரு தடவை கிடைக்காது. பட்டம் அம்போ.

மறுநாள் காலையில் குளித்து, சென்ட் அடித்துக்கொண்டு, மாடிக்குப் போய் மெஷினைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் சத்தம். எதையோ முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ராஜாம்பாள் பதுங்கிப் பதுங்கி இறங்கி வந்தாள்.

செல்விக்குப் புரிந்துபோயிற்று.

"கரண்ட் பில் ஏறுதுன்னா சொல்லியிருக்கலாமேக்கா. திருட்டுத்தனமா மெஷின ஆஃப் பண்ணணுமா? என் வாழ்க்கையே அதுலதான் இருக்கு!"

ராஜாம்பாள் முகம் சுண்டிப்போனது. "ஐயய்யோ! நானு சுச்சு பக்கமே போவலியே கண்ணு."

"அப்புறம் எப்படி நம்பர் கம்மியாவுது?"

ராஜாம்பாள் முகம் சட்டென்று மலர்ந்தது. "கம்மியாயிடுச்சா? நெசமாவா? யோவ், கம்மியாயிடுச்சாம்யா!"

உள்ளேயிருந்து கண்ணாயிரம் சிரித்துக்கொண்டே வந்தார். "பின்ன? தெருவே சேந்து பாடுபட்டிருக்கோம்ல!"

செல்வி விழித்தாள்.

"ஆபீசரு வராருன்னா தெருவக் கூட்டி பிளீச்சிங் பவுடர் போடுறோம்ல? நீ காத்தப் பாக்க வந்திருக்க. எங்க வூட்டு வாசனை தூசாயி, நீ ஃபெயிலாயிட்டா நாங்க தாங்குவமா?" என்றாள் ராஜாம்பாள். "அதான் தாளிப்ப வுட்டேன், பூவ வுட்டேன். இவுரு வண்டியத் தள்ளிக்கினு போறாரு. தெருவுல எல்லார் வூட்லயும் மோர்ச் சோறுதான்."

செல்வி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கஞ்சம் என்று சொன்ன நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா, கூட்டிப் பெருக்கி வெக்கக் கூடாதுக்கா. ஊர்ல இருக்கிறது இருக்கிறபடியே தெரிஞ்சாதான் எனக்குப் பட்டம். நாளைக்கு ஒரு நாள் பாக்கி இருக்கு. எப்பவும் போல இருங்க. தெருவுக்கும் சொல்லிடுங்க."

"அடக் கடவுளே! அப்ப ஒன் வாயக் கட்டிப் போட்டதெல்லாம் வீணா? இரு, இப்பவே வடைக்கு ஊறப் போடுறேன்."

"அது சரி, மாடிக்கு எதுக்குப் போனீங்க?"

ராஜாம்பாள் கணவனைப் பார்த்தாள். தயங்கித் தயங்கி முந்தானையை விலக்கினாள். உள்ளே ஒரு முறம்.

"தெனம் சென்ட் அடிச்சிக்கினு போயி மெஷின் கிட்டயே நிக்கிற. சொன்னா, பாவம், வயசுப் பொண்ணு மனசு சங்கடப்படுமேன்னு, நீ கீழ எறங்கினதும் நானே போயி வீசி வுட்டுட்டு வந்துடுவேன் கண்ணு."