குழாயில் தேங்கியிருந்த தண்ணீர்

ஓர் ஊரில் மேல்நிலைத் தொட்டி ஒன்று உயரத்தில் நின்றது. அதற்குக் கீழே, மண்ணுக்குள் ஒரு வால்வு கிடந்தது. ஜனங்களின் முகத்துக்கு நேரே நின்றது தெருக்குழாய் மட்டும்தான்.

அந்தச் சித்திரையில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை. குடத்தோடு வந்தவர்கள் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு ஏசினார்கள்.

"வால்வண்ணே, கொஞ்சம் திறந்துவிடுங்க. இங்க என்னால தலைநிமிர முடியல" என்று கெஞ்சியது குழாய்.

"மேல கேட்காம நான் எப்படிப்பா திறக்கிறது?" என்ற வால்வு, மேலே கேட்டது.

தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. "இங்கேயிருந்து பார்த்தா ஊர் அமைதியாத்தானே இருக்கு? நிஜமாவே தேவையான்னு விசாரிச்சுச் சொல்லு" என்றது.

வால்வு விசாரித்தது. குழாய் அதையே மறுபடி சொன்னது. பதில் மேலே போனது. "சரி, பார்க்கலாம்" என்றது தொட்டி.

அன்று மதியம், காய்ச்சலில் கிடந்த மகளுக்காகச் சொம்போடு வந்தாள் செண்பகவல்லி. குழாய்க்கு மனம் கேட்கவில்லை. தன் வளைவுக்குள் தேங்கியிருந்ததையெல்லாம் திரட்டி அரைச் சொம்பு கொடுத்தது.

பக்கத்தில் குடத்தோடு நின்ற இன்னொருத்தி அதைப் பார்த்துவிட்டாள். "பார்த்தீங்களாக்கா! உள்ள தண்ணிய வச்சுக்கிட்டே மூணு நாளா நம்மள ஏமாத்தியிருக்கு!" என்று கல்லை எடுத்துக் குழாயின் தலையில் ஒரு போடு போட்டாள்.

சத்தம் உயரத்துக்கும் லேசாகக் கேட்டது.

"கீழே என்ன அது?" என்றது தொட்டி.

"ஒண்ணுமில்லீங்க. குழாயில ஏதோ கோளாறு" என்றது வால்வு.