ரெண்டு கட்டை

"நாலு கட்டையா? அது ஆறு கட்டைப் பாட்டு மாஸ்டர்!"

பதறினாள் அந்த இளம் பாடகி. கச்சேரி தொடங்க இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

"தெரியும். நாலுலயே பாடு" என்றார் இசைக்குழுத் தலைவர், பாட்டுப் பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமல்.

"சுருதியை ரெண்டு கட்டை இறக்கினா, இந்தப் பொண்ணுக்குத் தொண்டை அவ்வளவுதான்னு நினைப்பாங்க."

"நினைச்சா நினைச்சுட்டுப் போறாங்க."

"காரணமாவது சொல்லுங்களேன்."

"சொல்ற மாதிரி இருந்தா சொல்ல மாட்டேனா? போம்மா, போய் ரெடியாகு."

நாட்டின் பாடகிகள் இசைத்தட்டில் பாடிய பாட்டுகளை மட்டும் மேடையேற்றும் கச்சேரி அது. ஊர் ஊராக நடத்தியதில் இது எட்டாவது. நாலு வருடமாகக் கோரஸில் நின்றவளுக்கு இன்றுதான் முதல் தனிப்பாட்டு. அதைக் கேட்கவென்றே ஓர் இசையமைப்பாளர் வருகிறார். பிடித்தால் பதிவுக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். போதாததற்கு, நாற்பது வருடத்துக்கு முன் அந்தப் பாட்டை இசைத்தட்டில் பாடிய மூத்த பாடகியம்மாவே முன்வரிசையில் உட்காரப் போகிறார்.

"என்ன தங்கச்சி, இறக்கிட்டாராமே? ஏணி ஏதும் வேணுமா?" டிரம்ஸ்காரர் சிரித்தார்.

அவள் நேராகக் கீபோர்டுக்காரரிடம் போனாள்.

"அண்ணா, ஆறுலயே வாசிங்க. அந்தப் பாட்டுக்கு நீங்களும் டிரம்ஸும் மட்டும்தானே? ஒரு பட்டனை அமுக்கினாப் போதும்."

"மாஸ்டர் என் தோலை உரிச்சிடுவாரு."

"என் வாழ்க்கைண்ணா இது."

அவர் உதட்டைப் பிதுக்கினார். ஆனால் மேடையில் அவர் விரல் வைத்தபோது, வந்தது ஆறு கட்டை.

பக்கத்தில் நின்ற மாஸ்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கையைக் கீழே, கீழே என்று காட்டினார். கீபோர்டுக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை.

அவள் பாடினாள். பல்லவியின் உச்சியில் போய் அசையாமல் நின்றாள். கைதட்டல் எழுந்தது. மூன்றாவது வரிசையில் இசையமைப்பாளர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையாட்டினார்.

மாஸ்டரின் முகம் வெளுத்திருந்தது. 'பொறுக்கல இவருக்கு' என்று நினைத்துக்கொண்டாள்.

இடையிசை தொடங்கியதும், முன்வரிசையில் அந்த அம்மா மெல்ல எழுந்தார். கையில் மைக். பக்கத்தில் இருந்த அவர் மகள் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

மாஸ்டர் ஓடி வந்து இவள் காதருகே குனிந்தார்.

"சரணம் அவங்க பாடறாங்க. கடைசி நிமிஷத்துல பயம் வந்தா எழுந்திருக்க மாட்டேன், அதனால யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. வீட்டுக்கே போய்ப் பாட வச்சுப் பார்த்தேன். நாலுக்கு மேல அவங்களுக்குக் குரல் இல்லம்மா."

அதற்குள் இடையிசை முடிந்துவிட்டது.

அந்த அம்மா வாயைத் திறந்தார். முதல் சொல்லிலேயே குரல் உடைந்தது. இன்னொரு முறை முயன்றார். வெறும் காற்றுதான் வந்தது.

வாத்தியங்கள் நின்றன. பின்வரிசையில் யாரோ, "பாவம், வயசாயிடுச்சு இல்ல?" என்றது அரங்கம் முழுக்கக் கேட்டது.

"உட்காருங்கம்மா, போதும்" என்று மகள் கெஞ்சினாள். மைக் பிடித்திருந்த கை தாழ்ந்துகொண்டே வந்தது.

மேடையிலிருந்தவள் ஒரே ஒரு தடவை மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா, தப்பு என் மேலதான். ஆசையில ஏத்தி வாசிக்கச் சொல்லிட்டேன், சரணம் எனக்கு எட்டாது. ரெண்டு கட்டை இறக்கிக்கலாமா? நீங்க முன்னால பாடுங்க, நான் பின்னாலயே வர்றேன்."