சேர்மன் அவர்களே, வருக!

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் மற்றவர்கள் பஸ்ஸா, ரயிலா, டாக்சியா என்று மண்டையைக் குழப்பிக்கொள்வார்கள். ஓசியப்பனுக்கு அந்தக் கவலையே கிடையாது.

ஓசியப்பன் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல, கட்டிய மனைவி வைத்தது. தண்ணீர் மோட்டார் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. மாதம் இரண்டு ஊருக்காவது பறந்தாக வேண்டும். தங்குவது என்னவோ சந்துக்குள் இருக்கும் சின்ன லாட்ஜில்தான். ஆனால் விமான நிலையத்திலிருந்து போவது மட்டும் பெரிய ஹோட்டல் காரில். வெளிவாசலில் விருந்தாளியின் பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் டிரைவர்களில் ஒருவரிடம் போய், "நான்தாம்பா அது" என்பார். ஹோட்டல் வந்ததும் பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டே பின்வாசல் வழியாக நழுவிவிடுவார்.

காசை மிச்சம் பிடிக்க அல்ல. டாக்சிக்குக் கம்பெனியே கொடுத்துவிடும். வீட்டிலும் சரி, ஆபீசிலும் சரி, அவரை ஒரு பொருட்டாக யாரும் மதிப்பதில்லை. ஹோட்டல் காரில்தான் கதவைத் திறந்துவிட்டு "சார்" என்கிறார்கள். அந்த முக்கால் மணி நேர மரியாதைக்காக அவர் எதையும் செய்வார்.

அதிலும் சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தார். டாக்டர் என்று எழுதிய அட்டைப் பக்கமே போகமாட்டார். டிரைவர் முட்டிவலிக்கு மருந்து கேட்டுத் தொலைப்பான். கையில் ஒரு பைக்கு மேல் எடுத்துப் போகமாட்டார். பெரிய மனிதர்கள் பெட்டிக்காக உள்ளே காத்து நிற்கும் நேரத்தில் இவர் காரேறிப் போய்விடலாம்.

அன்று காலை கண்ணில் பட்ட அட்டை அவரை அப்படியே சொக்க வைத்தது. 'சேர்மன் அவர்களே, வருக!' பெயர்கூட இல்லை. இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

"நான்தாம்பா சேர்மன்."

டிரைவர் பாய்ந்து வந்து பையை வாங்கிக்கொண்டான். "வாங்க சார், வாங்க! உங்களுக்காகத்தான் தவம் கிடக்கிறேன்!"

கப்பல் மாதிரி கார். உட்கார்ந்தால் ஆள் பாதி உள்ளே போய்விடும் இருக்கை. வெளியேறும் கேட்டில் காவலாளி குனிந்து பார்த்தார். ஓசியப்பன் சேர்மனுக்குரிய அலுப்போடு லேசாகத் தலையசைத்தார். விறைப்பாக ஒரு சல்யூட் கிடைத்தது. மனைவி இதைப் பார்க்கவில்லையே என்று அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

பத்து நிமிஷம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு கார் பெரிய சாலையை விட்டுச் சட்டென்று இடப்பக்கம் திரும்பியது.

"ஏம்ப்பா, ஹோட்டலுக்கு நேராத்தானே போகணும்?"

"குறுக்கு வழி சார்."

கட்டடங்கள் குறைந்து, பூட்டிய கிடங்குகளும் முள்வேலிகளுமாக வந்தன. 'டொக்'கென்று நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன. ஏசி குளிரிலும் டிரைவரின் பின்கழுத்தில் வியர்வை வழிந்தது. போன் வந்தது. எடுத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு கிசுகிசுத்தான். ஆனாலும் ஓசியப்பனுக்குக் காது கூர்மை.

"ஆள் கிடைச்சாச்சு... கேட்டைத் தாண்டியாச்சு... ஷெட்டைத் திறந்து வை. கட்டிங் மெஷினையும் எடுத்து வை. சாயங்காலத்துக்குள்ள அடையாளமே தெரியாமப் பண்ணிடணும்."

ஓசியப்பனுக்குப் புரிந்துவிட்டது. சேர்மனைக் கடத்துகிறார்கள்! கோடீஸ்வரனுக்கு வைத்த கண்ணியில் மோட்டார் விற்கிறவன் போய் மாட்டியிருக்கிறான். சேர்மன் என்றால் மீட்டுக்கொண்டு போக ஒரு கூட்டமே வரும். இவருக்காக யார் வருவார்கள்? மனைவிகூட, "காரிலதானே போனாரு, வந்துடுவாரு" என்று சும்மா இருந்துவிடுவாள். இந்தத் தடவை மட்டும் உயிர் பிழைத்தால் ஆயுசுக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறேன் என்று இருக்கிற எல்லாத் தெய்வத்திடமும் வேண்டிக்கொண்டார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. முன் சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறிவிட்டார்.

"தம்பி, நான் சேர்மன் இல்லப்பா! மோட்டார் விக்கிறவன்! சும்மா ஓசிப் பயணத்துக்கு ஆசைப்பட்டு ஏறிட்டேன். என்னைக் கடத்தினா உனக்குச் சல்லிக் காசு தேறாதுப்பா!"

கார் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் மெல்லத் திரும்பினான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"சத்தியமா நீங்க சேர்மன் இல்லையா?"

"என் பெண்டாட்டி மேல சத்தியம்! வேணும்னா அடையாள அட்டையைப் பாரு."

வாங்கிப் பார்த்தான். மோட்டார் படத்துக்குப் பக்கத்தில் ஓசியப்பனின் அசட்டுச் சிரிப்பு. இரண்டு முறை படித்துவிட்டு, ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தான். கதவின் பூட்டு திறந்துகொண்டது.

"அப்பாடா! அவ்வளவு பெரிய மனுஷனை எப்படி நடுவழியில இறக்கி விடறதுன்னு அப்போலேர்ந்து உயிர் போகுது சார். நீங்க இங்கேயே இறங்கிக்குங்க. ரோட்டுக்குப் போனா பஸ் வரும்."

"அப்ப... நீ என்னைக் கடத்தலையா?"

"உங்களை எதுக்கு சார் கடத்தணும்? நான் இந்தக் காரைத் திருடிட்டுப் போறேன். விருந்தாளி இல்லாத ஹோட்டல் காரைக் கேட்ல விடமாட்டாங்களேன்னு, டிரைவர் சீட்ல கிடந்த அட்டையைத் தூக்கிட்டு நின்னேன்!"