ஊருணியும் தலைமைப் பண்பும்

அலங்காநல்லூர் ஊருணியில் இடுப்பளவு நீரில் நின்று ஆகாயத்தாமரையைத் தன்னந்தனியே பிடுங்கிக்கொண்டிருந்தார் முத்துக்குமரன். மாலையில் தொண்டு நிறுவனத்தின் நன்கொடையாளர்கள் பார்வையிட வருகிறார்கள். அதற்குள் நீர் தெளிந்து தெரியாவிடில் அவர் பிழைப்பில் மண் விழுந்துவிடும். அந்நிறுவனத்தின் வருங்காலத் தலைவர்கள் மூவர் கரையில் நின்று கண்காணித்தனர்.

“அண்ணே, வலப்பக்கம் அம்புட்டும் அப்படியே கிடக்கு,” என்று சுட்டிக்காட்டினாள் தமிழ்வாணி.

“குறை சொல்லாத தமிழு, ஆளு சோர்ந்துருவாரு. தட்டிக்கொடுத்து வேலை வாங்கணும்,” என்ற முகேஷ் கைதட்டினான்.

“நீங்களும் கொஞ்சம் இறங்குனா என்ன, மாப்ள?” என்று மூச்சிரைக்கக் கெஞ்சினார் முத்துக்குமரன்.

“தலைவன் தானே வேலை செய்யக் கூடாது, அடுத்தவங்களைச் செய்ய வைக்கணும்னு ஒரு வாரமாப் பாடம் எடுத்தது நீங்கதானேண்ணே?” என்றான் அப்துல் ஹலீம்.

பயிற்சியாளர் முத்துக்குமரனால் தம் மாணாக்கரின் தேர்ச்சியில் யாதொரு குறையும் காண இயலவில்லை. அடுத்த செடியைப் பற்றி இழுக்கலானார்.