வழிவிடும் பத்திரம்

மே பதினைந்து, காலை ஏழு மணி. புல்வெளி வேலிக் கதவின் இரண்டு தூண்களுக்கும் ஆரஞ்சுப் பெயின்ட் அடித்துவிட்டு, குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் மொன்டானாவில் ஆரஞ்சுத் தூணுக்கு ஒரே அர்த்தம்தான். சொந்தக்காரர் சொல்லாமல் உள்ளே கால் வைக்காதே.

முதலில் வந்தவன் என் கொழுந்தன் ராய்ஸ். அவன் பின்னால் மாநில அரசின் ஆட்கள் எட்டுப் பேர், குதிரைகளில்.

வருஷா வருஷம் இதே தேதியில் வருவார்கள். குளிர்காலம் முடிந்ததும் தேசியப் பூங்காவை விட்டு வெளியே வந்து என் புல்வெளியில் கன்று போடும் காட்டெருமைகளை மறுபடி பூங்காவுக்கே விரட்டிவிடுவார்கள். எருமையிடமிருந்து மாட்டுக்கு நோய் தொற்றும் என்று பயம். பிறந்து மூன்று நாள் ஆன கன்றும் தாயோடு பத்து மைல் ஓட வேண்டும்.

எருமைகள் போனதும் அதே புல்லில் ராய்ஸின் மாடுகள் மேயும். என் புருஷன் ஆர்வில் தம்பியோடு கைகுலுக்கி ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. எங்கள் பள்ளத்தாக்கில் அண்ணன் தம்பிக்குள் யாரும் காகிதம் கேட்பதில்லை.

ராய்ஸும் கேட்கவில்லை. அதுதான் அவன் செய்த தப்பு.

"என்ன அண்ணி, காலங்காத்தால பெயின்ட் வேலையா? எந்திரிங்க, எந்திரிங்க. வெயில் ஏறுறதுக்குள்ள ஓட்டி முடிக்கணும்."

நான் எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த பத்திரத்தை நீட்டினேன். அவன் படிக்காமலே பின்னால் இருந்த அரசு ஆட்களின் மேலாளரிடம் கொடுத்தான்.

அந்த மனிதர் நிதானமானவர். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலை எச்சில்படுத்தி, ஆறு பக்கத்தையும் படித்தார். என் முதுகுக்குப் பின்னால் எருமைகள் புல்லைப் பிய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இந்த நிலத்துல எருமைக்குத்தான் வழி, ராய்ஸ். விரட்டக் கூடாது, மாடு மேயக் கூடாது. என்னைக்கும். முறையா பதிஞ்சிருக்காங்க, நாங்க உள்ள வர முடியாது."

சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார். மற்ற ஏழு குதிரைகளும் திரும்பின.

ராய்ஸின் முகம் செத்துப்போனது. கண் நிறையப் பார்த்துக்கொண்டேன்.

எருமைகள் மேல் எனக்குப் பிரியம் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பாடு. வேலியை ஒடிப்பதும், முதுகு சொறிய என் தபால் பெட்டியைச் சாய்ப்பதுமாக இருக்கும் அவற்றைக் கண்டாலே எனக்கு ஆகாது. போஸ்மன் ஊரிலிருந்து வந்த வக்கீல் பெண், எருமைகளுக்காக வாதாடுகிறவள், இந்தப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் இதே மே பதினைந்து. ஆர்வில் சமையலறையில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் சாலை முழுக்க அவர்கள் விரட்டிக்கொண்டு போன எருமை மந்தை. ஓட்டுநர் ஹாரனில் கை வைத்ததும் ராய்ஸ் குதிரையைக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினான். மந்தை மிரண்டு கலைந்தால் ஒரு நாள் உழைப்பு வீணாகிவிடுமே.

முப்பத்தைந்து நிமிஷம். சிவப்பு விளக்கு ஒரே இடத்தில் நின்று சுற்றுவதை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்தபோது ஆர்வில் போய்விட்டிருந்தார்.

"யாருக்கு வந்த வண்டின்னு எனக்கு எப்படித் தெரியும், அண்ணி?" என்று கல்லறைப் பக்கத்தில் நின்று கேட்டான்.

அந்தச் சாலையில் இருப்பது ஒரே வீடு.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

ராய்ஸ் இன்னும் கதவடியை விட்டுப் போகவில்லை. சேணத்தின் மேல் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

"நீங்க என்ன நூறு வருஷமா இருக்கப் போறீங்க? உங்களுக்கு அப்புறம் வர்றவன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"அவனையும் இது கட்டும், ராய்ஸ். பேசிப் பிரயோஜனமில்ல."

கொஞ்சம் யோசித்தான். பிறகு உரக்கச் சிரித்தான்.

"அப்ப அவன் கதி அதோகதிதான். புல்லைப் பாத்துக்கிட்டு, எருமைக்குக் காவல் இருக்கணும். எந்தக் கேணையன் தலையில கட்டப் போறீங்களோ!"

நானும் சிரித்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தேன். அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் குதிரையைத் தட்டினான்.

போன வாரம் வக்கீல் பெண் உயிலையும் எழுதிவிடலாம் என்றாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. நிலம் யாருக்கு என்று கேட்டாள்.

ராய்ஸின் முழுப் பெயரைச் சொன்னேன்.

அவன் அப்பாவின் நிலம். மூத்தவருக்குப் போய்விட்டதே என்று நாற்பது வருஷமாகக் கண் வைத்திருக்கிறான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழாது. வசந்தம் வந்தால் வேலியை இறக்கி எருமைகளை உள்ளே விடுவதும், விரட்ட வருகிறவர்களைக் கதவிலேயே நிறுத்துவதும் நிலத்துக்குச் சொந்தக்காரர் கடமை என்று பத்திரத்தில் இருக்கிறது.

"உங்களுக்குத் தாராள மனசு," என்று சொல்லும்போதே வக்கீல் பெண்ணுக்கு மறுபடியும் கண் கலங்கிவிட்டது.

எனக்கு வயது எழுபத்திரண்டு. ராய்ஸுக்கு அறுபதுதான். ஆள் திடகாத்திரமானவன், இன்னும் நிறைய மே மாதங்கள் பார்ப்பான்.