மர்ஹூன் வீட்டைத் தாண்டி ஓர் ஓட்டம்

"ஓடப் போன மனுஷன் ரெண்டு கிலோ கூடி வந்து நிக்கிறீங்களே, இது எந்த ஊர் நியாயங்க?"

ரய்யா எடை பார்க்கும் கருவியை இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். மேலே நின்ற கல்ஃபான், உடுத்தியிருந்த நீள அரபு அங்கியான திஷ்தாஷாவின் கனமாக இருக்கும் என்று முணுமுணுத்தார்.

"துணிக்கு ரெண்டு கிலோவா? உள்ளே கல்லு வச்சுத் தைச்சிருக்கா?"

கல்ஃபானுக்கு நாற்பத்தெட்டு வயது. மலைக்கிராமங்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். இருபது வருடமாக உட்கார்ந்தே மலையேறியதில் வயிறு ஸ்டீயரிங்கைத் தொட ஆரம்பித்திருந்தது. போன மாதம் டாக்டர் சர்க்கரை என்று சொல்லிவிட்டார். அன்றே ரய்யா அல்வா டப்பாவைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். காலைத் தொழுகை முடிந்து இரண்டு கரண்டி, மாலையில் இரண்டு கரண்டி என்று வாழ்ந்தவருக்கு உலகமே இருண்டுவிட்டது.

அந்த ஆத்திரத்தில்தான் மலை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தார். முதல் தடவையாக அவர்கள் மலையில் நடக்கும் ஓட்டம், நாற்பத்திரண்டு கிலோமீட்டர். "நான் கடைசி ஆளா வராம முடிச்சுக் காட்டிட்டா, அல்வாவைப் பத்தி நீ வாயே திறக்கக்கூடாது" என்று சவால் விட்டார்.

"சரி. கடைசியா வந்தீங்கன்னா, பெருநாளே ஆனாலும் இந்த வீட்டுக்குள்ள அல்வா வராது. சம்மதமா?"

சம்மதம் என்று சொன்ன வாய் அன்றிலிருந்து உலர்ந்துபோயிருந்தது.

"நான் என்ன பண்ணட்டும்? ஓடத்தான் செய்யறேன்" என்றார் இப்போது. "எல்லாம் அந்த மர்ஹூன் மாமாவால வந்த வினை."

ஓட்டப் பாதை மர்ஹூன் வீட்டு முற்றத்துக்குள் புகுந்துதான் போகிறது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பாதாளம், நடுவில் அவருடைய வீடு. வேறு வழியே கிடையாது.

மறுநாள் கல்ஃபான் திஷ்தாஷாவை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, பழுதான பம்பு செட் போல இரைத்துக்கொண்டு ஏறினார். சறுக்கும் கற்களில் கால் வைக்க இப்போது பழகியிருந்தது. ஆடுசதை கூட கொஞ்சம் இறுகியிருந்தது. சலாம் சொல்லிவிட்டு நிற்காமல் ஓடிவிடலாம் என்று முற்றத்தில் நுழைந்தார்.

"வா மருமகனே! பாய் போட்டாச்சு."

"மாமா, நான் பயிற்சியில இருக்கேன்."

"இரு, யாரு வேண்டாம்னா? உக்காந்து இரு."

"நேரம் கணக்குப் பண்ணி ஓடறேன் மாமா."

"என் முற்றத்தை ஒருத்தன் தொண்டை நனைக்காமத் தாண்டிப் போனான்னு நாளைக்கு ஊர் பேசணுமா? என்னைச் சந்தி சிரிக்க வச்சுடாதே."

பேரீச்சம்பழம் ஒரு தட்டு வந்தது. ஏலக்காய் மணக்கும் காப்பி சின்னக் கோப்பையில் வந்தது. ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது இன்னொரு தடவை. ஆறு வாரமும் இதே கதைதான்.

போட்டியன்று காலை அறுபத்தொரு பேர் வரிசையில் நின்றார்கள். கல்ஃபானைத் தவிர மற்ற அறுபது பேரும் வெளிநாட்டுக்காரர்கள், ஒட்டகம்போல நீண்ட கால்களோடு. நான்காவது கிலோமீட்டரிலேயே அவருக்கு முன்னால் புழுதி மட்டும்தான் மிச்சமிருந்தது. குங்குமப்பூ நிறத்தில் தளதளவென்று மின்னும் அந்த அல்வாவை நினைத்து, ஓடிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிவுக் கோட்டில் காத்திருந்த ரய்யா, மாலை வெயிலில் ஒற்றை ஆளாக ஓர் உருவம் தள்ளாடி வருவதைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"பாதியிலயே திரும்பி வந்துட்டீங்களா?"

"முழுசா ஓடினேன்டி!" கல்ஃபான் கோட்டைத் தாண்டித் தரையில் சரிந்தார். அதிகாரிகள் அவருடைய எண்ணை மூன்று முறை சரிபார்த்து, முதலிடம் என்று எழுதினார்கள்.

"அப்ப மத்தவங்க எல்லாம் எங்கே?"

"மர்ஹூன் மாமா வீட்டு முற்றத்துல."

"அறுபது பேருமா?"

"அறுபது பேரும். பாய் போதாம, கம்பளம் விரிச்சு உக்கார வச்சிருக்கார். ஒரு பொண்ணு எனக்குத் தெரிஞ்சே பதினெட்டாவது கோப்பை குடிக்குது."

"போதும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்றாங்க. அஞ்சாறு பாஷையில சொல்றாங்க. நெஞ்சுல கை வச்சுக் கும்பிடக்கூடச் செய்யறாங்க. மாமா சிரிச்சுக்கிட்டே ஊத்தறார்."

ரய்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். "கடவுளே! கோப்பையை அப்படி இப்படி ஆட்டிக் காட்டினாத்தானே நம்ம ஆளுங்க ஊத்தறதை நிறுத்துவாங்க. அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும் பக்கத்துலயே உக்காந்து குடிச்சு, கோப்பையை ஆட்டிட்டுத்தானே எழுந்து வந்திருப்பீங்க, அவங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஆட்டும்போது கையைத் துண்டால மூடிக்கிட்டேன் ரய்யா" என்றார் கல்ஃபான். "அலமாரிச் சாவியை எடு."