பக்கத்துக் கதிரை

"உதென்ன அண்ணை, பெட்டியோடை வாறியள்? மீன் யாவாரமும் தொடங்கியாச்சோ?"

கழகச் செயலாளர் சுபாஸ்கரன் மண்டப வாசலில் நின்று சிரித்தான். மரியரட்ணம் சிரிக்கவில்லை. வெள்ளை ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தார். வலது உள்ளங்கை மூடியின் மேல் இருந்தது.

"கண்," என்றார்.

சுபாஸ்கரனின் சிரிப்பு நின்றது. "இண்டைக்குமோ?"

"ஓம். ஆறரை பஸ்ஸிலை கொழும்புக்கு ஏத்தவேணும். அங்கை ரெண்டு பேரை நாளைக்கு ஒப்பரேசனுக்கு மறிச்சு வைச்சிருக்கினம். என்னைக் கெதியா மேடைக்குக் கூப்பிட்டு விடு."

மணி ஐந்தேகால். கொக்குவிலில் சகோதரர் கழகத்தின் ஆண்டு விழா. இந்த வருடம் ஒரேயொரு உறுப்பினருக்குத்தான் கௌரவிப்பு. பதினாறு வருடங்களாக வீடு வீடாகப் போய்க் கண்தானப் படிவத்தில் கையெழுத்து வாங்கியவர், செத்தவீடுகளுக்கு டொக்டரைக் கூட்டிப் போனவர், எடுத்த கண்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியவர் மரியரட்ணம்.

"பிரதம விருந்தினர் இப்பத்தான் கரவெட்டியிலை வெளிக்கிட்டிருக்கிறார், அண்ணை."

"அவர் வராமல் தொடங்கேலாதோ?"

"தலைவர் விடமாட்டார். நீங்கள் உதை நேரை பஸ்ஸிலை ஏத்திப்போட்டு ஆறுதலா வந்திருக்கலாம்தானே?"

"ஏத்தினாப் பிறகு வந்து பிரயோசனம் இல்லை."

சுபாஸ்கரனுக்கு விளங்கவில்லை. "ஆளார்?" என்று கேட்டான்.

"குருநகர்தான். ஒரு பொம்பிளை."

"வீட்டுக்காரர் விட்டவையோ?"

"அவ எப்பவோ கையெழுத்து வைச்சவ."

"சரி, தாங்கோ. மேசைக்குக் கீழை வைக்கிறன்."

"வேண்டாம். என்னட்டையே இருக்கட்டும்."

முன்வரிசையில் போய் இருந்தார். எழுந்தார். வாசல்வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். திரும்ப இருந்தார். பெட்டி மடியில் இருந்தது. அதன் அடி வேட்டியை மெல்ல நனைத்தது.

மேடையில் இரண்டு கதிரைகள் போட்டிருந்தார்கள். கழகத்தில் யாரையும் தனியாகக் கௌரவிப்பதில்லை. மனைவியையும் பக்கத்தில் இருத்தி, இருவருக்கும் பொன்னாடை போர்த்துவார்கள். அது தொடக்கத்திலிருந்தே வழக்கம்.

தலைவர் பஞ்சலிங்கம் நிகழ்ச்சி நிரலோடு வந்தார்.

"என்ன, தனிய வந்திருக்கிறாய்? சிசிலியா எங்கை?"

மரியரட்ணம் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"போன ஞாயிறு என்னட்டைச் சொன்னவ," என்றார் பஞ்சலிங்கம். "மூச்சு இழுத்தாலும் வந்து பாப்பன் எண்டு. இவரைப் பதினாறு வருசமாச் சாமத்திலை எழுப்பி அனுப்பினது நான், பொன்னாடையை வேறை ஆக்கள் பாக்கிறதோ எண்டு கேட்டவ."

"என்னட்டையும் கேட்டவ."

வீட்டிலிருந்து மகள் கைத்தொலைபேசியில் கூப்பிட்டாள். மரியரட்ணம் எழுந்து ஒரு பக்கமாகத் திரும்பினார்.

"ஓம், ஜெசிதா... இன்னும் இல்லைப் பிள்ளை... நீலச் சீலை. இண்டைக்கெண்டு எடுத்து வைச்சது அதுதான், அதையே உடுத்திவிடு... சங்கிலியும் போட்டுவிடு... ஓம், தலையை நல்லா வாரு."

பஞ்சலிங்கம் செயலாளரைப் பார்த்துக் கண்ணடித்தார். "இன்னும் சீலை உடுத்தி முடியேல்லை. பிறகு றெயில் கடவை பூட்டிக் கிடந்தது எண்டு சொல்லிக்கொண்டு வருவா."

"அண்ணை," என்றார் மரியரட்ணம். "என்னை முதலிலை விடுங்கோ."

"விளக்கேற்றி, கழக கீதம் பாடி, வரவேற்புரை முடியத்தான் நீ. எல்லாம் அடிச்சுக் குடுத்தாச்சு."

"பஸ்காரன் உங்கடை நிகழ்ச்சி நிரலைப் பாக்கமாட்டான்."

"பத்து நிமிசம் பொறு. சிசிலியாவும் வரட்டும்."

ஐந்து ஐம்பதுக்குப் பிரதம விருந்தினர் வந்தார். மாலை போட்டார்கள். காற்றுக்கு விளக்கு இரண்டு தரம் நூர்ந்தது; திரும்ப ஏற்றினார்கள். கழக கீதத்தை முழுதாகப் பாடினார்கள். ஆறு ஐந்துக்கு வரவேற்புரை தொடங்கியது. பேச வந்தவர் கழகம் தொடங்கிய வருடத்திலிருந்து ஆரம்பித்தார்.

மரியரட்ணம் கதிரை நுனிக்கு நகர்ந்தார். கை மட்டும் மூடியை விட்டு அசையவில்லை.

ஆறு பன்னிரண்டு. பேச்சு இன்னும் மூன்றாவது தலைவரின் காலத்தில் நின்றது.

மரியரட்ணம் எழுந்து மேடைப்படியில் ஏறினார். பேசியவர் நிறுத்திவிட்டார்.

"பெட்டிக்குள்ளை ஐஸ்கிறீமோ, அண்ணை?" பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். சபை சிரித்தது.

பஞ்சலிங்கத்தின் முகம் கறுத்தது. பிரதம விருந்தினரைப் பார்த்தார். பிறகு செயலாளருக்குத் தலையசைத்தார். சுபாஸ்கரன் ஒலிவாங்கியை எடுத்தான்.

"எமது கண்தானச் சேவையாளர் திரு. மரியரட்ணம் அவர்கள் அவசரக் கடமையொன்றுக்குச் செல்லவேண்டியிருப்பதால், அவரை இப்போதே கௌரவிக்கின்றோம். துணைவியார் திருமதி சிசிலியா அவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே..."

மரியரட்ணம் ஒரு கதிரையில் இருந்தார். பக்கத்துக் கதிரையை எடுக்க ஒருவர் வந்தார்.

"எடுக்காதையுங்கோ," என்றார் மரியரட்ணம். "அவ வந்திட்டா."

சபை முழுவதும் வாசலைத் திரும்பிப் பார்த்தது. வாசலில் ஒருவரும் இல்லை.

மரியரட்ணம் பெட்டியைப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். மூடியிலிருந்து கையை எடுத்தார்.

பொன்னாடையோடு குனிந்த பஞ்சலிங்கம், மூடியில் ஒட்டியிருந்த தாளில் மரியரட்ணம் கைப்பட எழுதியிருந்ததை வாசித்தார்: சிசிலியா மரியரட்ணம், வயது 61, இறந்த நேரம் பி.ப. 1.40.